வண்டி கீழே நிற்கிறது

என் வளையல்கள் ஜீப்பாக மாறிய மறுவாரம், முத்லக் என்னை அதில் ஏற்றிக்கொண்டு மலை இடுக்குக்குள் போனான். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவன் என்னை ஊர் சுற்றக் கூட்டிப்போனது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் உலகத்துக்கெல்லாம் சுற்றிக் காட்டினான், எனக்கு மட்டும் இல்லை. ஒரு சுற்றுலா முகாம் முதலாளியிடம் டிரைவராக இருந்தான். எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரப் பெண்களுக்குச் சிவப்புப் பாறைகளின் பின்னால் சூரியன் இறங்குவதைக் காட்டிவிட்டு, இருட்டிய பிறகு புழுதி அப்பிய முகத்தோடு வீட்டுக்கு வருவான். நான் ரொட்டி போட்டுக் கொடுப்பேன். சூரியன் எப்படி இறங்கியது என்று அவனும் சொல்ல மாட்டான், நானும் கேட்க மாட்டேன்.

அந்த முதலாளி வாரத்துக்கு ஒரு முறையாவது அவனை எல்லோர் முன்னிலும் திட்டுவார். கண்ணாடியில் கீறல் விழுந்தால் திட்டு, பெட்ரோல் கூடினால் திட்டு. இவன் தலையைக் குனிந்துகொண்டு வருவான். வெளியாரிடம் வாயைத் திறக்காத மனிதன் அவன், வீட்டில் வந்து மட்டும் மணிக்கணக்கில் புலம்புவான். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போய், ஒரு நாள் வளையல்களையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி அவன் மடியில் போட்டேன்.

"போய் ஒரு வண்டி வாங்கு. இனிமே உன் முதலாளி நீயே. திட்டணும்னா கண்ணாடியப் பாத்து நீயே திட்டிக்கோ."

அப்படி வந்த ஜீப் அது. பழசுதான். ஒரு கதவு மட்டும் வேறு நிறம். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்காது. எங்களிடம் சொந்த வீடு இல்லை, நிலம் இல்லை, ஆடு இல்லை, இந்த ஜீப்தான் எல்லாம். முத்லக் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வேலையை விட்டுவிட்டான். வேறு எந்த டிரைவரும் போகாத ஒரு வழி அவனுக்குத் தெரியும். அராபாச் சமவெளியிலிருந்து காட்டாற்றுத் தடம் வழியாகவே இடுக்குக்குள் நுழைந்து, ஷாரா மலையின் அடிவாரம்வரை ஏறுவது. சின்ன வயதில் அப்பாவோடு ஒட்டகத்தில் போயிருக்கிறான். ஜீப்பில் போய் வந்துவிட்டால், இந்தப் பருவத்தில் சுற்றுலாக்காரர்கள் அவனைத் தேடி வருவார்கள் என்பது கணக்கு.

"முதல் பயணி நீதான் வத்ஹா," என்றான்.

"பயணிக்குச் சாப்பாடு உண்டா?"

"பயணிதான் கொண்டு வரணும்."

அன்று காலை நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சமவெளி முடிந்து மணல் ஆரம்பித்ததும் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றை இறக்கினோம். அவன் இரண்டு, நான் இரண்டு. நான் அவனுக்கு முன்னால் முடித்துவிட்டேன். பிறகு அவன் என்னை ஸ்டீயரிங் முன் உட்கார வைத்தான். மணலில் பிரேக்கைத் தொடாதே, திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காதே என்று கத்திக்கொண்டே வந்தான். நான் இரண்டையும் செய்தேன். வண்டி நிற்கவில்லை. "அதிர்ஷ்டம்" என்றான். "திறமை" என்றேன். எங்கள் பெண்கள் வண்டி ஓட்டினால் வாயைப் பிளந்து பார்க்க ஆட்கள் உண்டு, அங்கே ஓணான்கள்தான் இருந்தன.

ஆற்றுத் தடத்தின் வாய்க்கு அருகே, மேட்டில் ஒரு கறுப்புக் கூடாரமும் பக்கத்தில் ஒரு வெள்ளை பிக்கப்பும் தெரிந்தன. உடனே முத்லக் ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டு எதிர்க்கரை ஓரமாக வண்டியை விட்டான்.

"யார் கூடாரம்?"

"அபூ ஃபலாஹோடது."

அதற்குமேல் நான் கேட்கத் தேவையில்லை. அவர்கள் குலத்துக்கும் எங்கள் குலத்துக்கும் ஒரு கிணற்றடியில் தகராறு ஆகி, கம்பில் ஆரம்பித்தது துப்பாக்கியில் முடிந்து, முத்லக்கின் சித்தப்பா மகன் ஒரு காலை இழந்தான். போன வருஷம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, தோளில் முத்தமிட்டுச் சமாதானம் செய்துகொண்டார்கள். சமாதானம் ஆகிவிட்டது, ஆனால் ஒருவர் கூடாரத்து உப்பை மற்றவர் இன்னும் தின்னவில்லை.

"இறங்கி ஒரு சலாம் சொல்லிட்டுப் போலாமே," என்றேன்.

"இறங்கினா அவ்வளவுதான். ஆட்டை அறுத்துடுவாரு. இன்னிக்குப் பொழுது அங்கதான் போகும். வர்றப்ப பாத்துக்கலாம்."

இடுக்குக்குள் நுழைந்ததும் வெயில் போய்விட்டது. இரண்டு பக்கமும் பாறை, மேலே ஒரு முழத் துணி அளவுக்கு வானம். சில இடங்களில் பக்கக் கண்ணாடியை மடக்கினால்தான் வண்டி நுழைந்தது. கை நீட்டிப் பாறையைத் தொட்டுக்கொண்டே வந்தேன். சிவப்பு, அதற்குள் வெள்ளை, அதற்குள் ஊதா. இதைத்தான் நான்கு வருஷமாக ஊராருக்குக் காட்டிக்கொண்டிருந்தானா என்று பொறாமையாகக்கூட இருந்தது. முத்லக் பாட ஆரம்பித்தான். அவன் குரலுக்கு ஒட்டகம் நின்றுவிடும், ஆனால் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு திருப்பத்தில் இடுக்கு கொஞ்சம் விரிந்து, தூரத்தில் ஷாராவின் முகடு தெரிந்தது. அதன் மேல் கறுப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது.

"முத்லக், அங்க மேகமா அது?"

அவன் குனிந்து பார்த்தான். பாட்டை நிறுத்திவிட்டான். "இந்த வருஷம் இன்னும் மழையே தொடங்கல. மேகம் கூடறதுக்கே சாயந்தரம் ஆகும். மேல இருக்கற பாறைப் படி ஒண்ணு ஏறிட்டா மேட்டு நிலம் வந்துடும்."

அந்தப் படிதான் எங்களைக் கவிழ்த்தது. மழைக்காலத்தில் அருவி விழும் இடம் அது, இடுப்பளவு உயரம். கல் பொறுக்கி அடுக்கிச் சாய்வு கட்டினோம். அவன் நன்றாகத்தான் கட்டினான், நான் குறை சொல்ல மாட்டேன். முன்சக்கரங்கள் ஏறிவிட்டன. பின்சக்கரங்கள் ஏறும்போது கல் நழுவியது. வண்டி ஒரு முறை குலுங்கி, அடிவயிறு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் மணலைத் தோண்டியது, பின்சக்கரம் காற்றில் சுற்றியது. ஜாக்கி வைத்தோம், ஜாக்கி மணலுக்குள் இறங்கியது. அதற்கடியில் கல் வைத்தோம், கல்லும் இறங்கியது. மண்வெட்டியால் தோண்டினோம். நான் பின்னாலிருந்து தள்ளினேன். என்னால் ஓர் ஆட்டைத் தள்ள முடியும், ஜீப்பைத் தள்ள முடியுமா?

முத்லக் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது. அதுதான் அந்த இடத்தின் சூது. மழை மலையில் பெய்யும், இங்கே ஒரு துளி விழாது, தண்ணீர் மட்டும் வந்து சேரும். அது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

"பின்னாலேருந்து ஒரு வண்டி சங்கிலி போட்டு இழுத்தா வந்துடும்," என்றான். "டீ கொதிக்கிற நேரம்கூட ஆகாது."

"அபூ ஃபலாஹ்கிட்ட பிக்கப் இருக்கு."

"இருக்கு."

"அப்ப வா. ஆனா போன உடனே சொல்லிடணும். சுத்தி வளைக்காத."

"சொல்லிடறேன்."

"சத்தியமா?"

"சொல்றேன்னு சொன்னேன்ல!"

ஓட்டமும் நடையுமாகக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தோம். அபூ ஃபலாஹ் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், செருப்பைக்கூட மாட்டாமல் மேட்டிலிருந்து ஓடி வந்தார். முத்லக் தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் குலத்தின் பெயரையும் சொன்னான். ஒரு நொடி அவர் அப்படியே நின்றார். பிறகு அவனைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

"உங்க ஆளுங்கள்ல முதல் கால் என் வீட்டுல! அல்லாஹ்வுக்கே புகழ்! ஒரு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன் தம்பி, யாராவது வருவாங்களான்னு. உள்ள வா, உள்ள வா. ஃபலாஹ் அம்மா! விருந்தாளி! யாருன்னு வந்து பாரு!"

இந்தச் சந்தோஷத்தின் முகத்தில் போய்ச் சங்கிலி வேண்டும் என்று யார் சொல்வது? ஆனாலும் முத்லக்கைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தான். "அபூ ஃபலாஹ், வண்டி கீழ நிக்குது..." என்றான்.

"நிக்கட்டும் தம்பி! அதுவும் விருந்தாளிதான். அதுக்கும் நிழல் கிடைச்சிருக்கும்."

என் கணவன் சிரித்தான். அவ்வளவுதான் அவன் சொன்னது. வண்டி கீழே நிற்கிறதாம். ஏதோ நானும் அவனும் காற்று வாங்க நடந்து வந்ததுபோல.

அவன் ஆண்கள் பக்கம் போனான், நான் பெண்கள் பக்கம் வந்தேன். நடுவே ஆட்டு மயிரில் நெய்த திரை. அதில் ஓட்டைகள் இருந்தன, வேண்டுமென்றே விட்டதா, தேய்ந்ததா தெரியாது. நான் திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அபூ ஃபலாஹ் ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பியை ஊற்ற, முத்லக் மடமடவென்று குடித்துக் கோப்பையை ஆட்டிக் கொடுத்தான். போதும் என்று அர்த்தம். இப்போது சொல்வான் என்று நினைத்தேன். வெளியே ஆடு கத்தியது.

விருந்தாளியிடம் எதற்காக வந்தாய் என்று கேட்பது எங்களில் கிடையாது. கேட்டால், போய்விடு என்று சொன்னதுபோல. விருந்தாளியும் உப்பைத் தின்பதற்கு முன்னால் தேவையை எடுத்து வைக்க மாட்டான். வைத்தால், உன் முகத்துக்காக வரவில்லை, உன் பிக்கப்புக்காக வந்தேன் என்று சொன்னதுபோல. அதுவும் யார் வீட்டில்? நேற்றுவரை துப்பாக்கி நீட்டிய வீட்டில். இதெல்லாம் எனக்கும் தெரியும், நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். ஆனால் ஷாராவின் மேல் உட்கார்ந்திருந்த கறுப்புக்கு இதெல்லாம் தெரியாதே.

அவர் மனைவி உம்மு ஃபலாஹ், அதாவது ஃபலாஹின் அம்மா, என் முன்னால் மாவைப் பிசைந்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம் மகளே?"

"நாலு."

"வயித்துல?"

"இன்னும் இல்ல."

"அவன் எப்பவும் வண்டியில சுத்தினா எப்படி இருக்கும்? வீட்டுல கட்டிப் போடு." தானே சொல்லித் தானே குலுங்கிச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்னடி, ரத்தமே இல்ல மூஞ்சியில?"

கணவன் சொல்லாததை மனைவி சொல்வது அவனை அம்மணமாக நிறுத்துவதற்குச் சமம். நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று சொல்லிவிட்டேன். வண்டி பாறைமேல் மாட்டிக்கொண்டதை, ஷாராவின் மேகத்தை, என் வளையல்களை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். உம்மு ஃபலாஹ் மாவுக் கையோடு எழுந்தாள். திரையை விலக்கித் தன் புருஷனைக் கூப்பிட்டாள். நல்லவள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"இங்க பாருங்க. இவங்க வண்டி இடுக்குல மாட்டிக்கிட்டு நிக்குதாம். இந்தப் பொண்ணு சொல்றா."

அபூ ஃபலாஹ் திரும்பி, முத்லக்கைப் பார்த்தார். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்துக் கூடாரங்களிலிருந்து நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு குலத்துக்கும் நடுவே இருந்த பகை இன்று உண்மையாகவே தீர்கிறது என்று பார்க்க வந்தவர்கள். வெளியே ஆட்டைத் தோலுரித்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"தம்பி, உன் வண்டி மாட்டிக்கிச்சா? ஒரு வார்த்த சொன்னா இப்பவே போய் இழுத்துட்டு வந்துடறேன்."

கேட்டுவிட்டார். கேட்கக் கூடாததையே கேட்டுவிட்டார். நான் ஓட்டை வழியாக முத்லக்கைப் பார்த்தேன். சொல், சொல் என்று என் உதடு முணுமுணுத்தது. முத்லக் சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தான். தொங்கிய ஆட்டைப் பார்த்தான். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அபூ ஃபலாஹ். கொஞ்சம் மணல்ல இறங்கியிருக்கு. பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். சாப்பிட்டுட்டுப் போலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "என் வீட்டுலயும் ஒருத்தி இருக்கா, கோழி கத்துனா பூகம்பம்பா," என்றார். இன்னும் சிரித்தார்கள். உம்மு ஃபலாஹ் திரையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து மாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "உன் புருஷனே சொல்லிட்டானே மகளே," என்றாள். அதற்கு மேல் அவள் என்ன செய்வாள்?

எனக்கு வந்த கோபத்தில் திரையைக் கிழித்திருப்பேன். வெளியே எழுந்து போனேன். ஷாராவின் பக்கம் மேகம் இறங்கி, முகடே தெரியவில்லை. பிக்கப்பின் பின்னால் எட்டிப் பார்த்தேன். சங்கிலி அங்கேதான் கிடந்தது, தடிமனான நல்ல சங்கிலி, இரண்டு முனையிலும் கொக்கி. தூக்கிப் பார்த்தேன், கையை இழுக்கும் கனம். முன்கதவைத் திறந்தேன். சாவி இல்லை. சாவி அபூ ஃபலாஹின் இடுப்பு வாரில் இருந்தது, அவர் ஆண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்து தன் விருந்தாளியின் தாத்தாவைப் புகழ்ந்துகொண்டிருந்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். அடித்துச் சாத்தக்கூட எனக்கு உரிமை இல்லை.

கறி வேக நேரம் எடுத்தது. ஏதோ ஓர் ஆடாக இருந்தால் அடித்துப் பிடித்துப் பாதி வேக்காட்டில் போட்டிருப்பார்கள், ஆனால் அது மந்தையிலேயே நல்ல ஆடு, அதைப் பதமாகத்தான் வேக வைக்க வேண்டும். ரொட்டி விரித்து, சோறு கொட்டி, தயிர்க்கட்டி கரைத்த குழம்பை ஊற்றி, மேலே கறியை அடுக்கி, தட்டை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். முத்லக் அவசரமாகச் சாப்பிட்டான். சீக்கிரம் முடித்துவிட்டால் சீக்கிரம் எழுந்து போகலாம் என்று நினைத்திருப்பான். அவன் அள்ளிப் போடும் வேகத்தைப் பார்த்து அபூ ஃபலாஹுக்குப் பூரிப்பு. "பாரு, எவ்வளவு பசியோட வந்திருக்கு புள்ள!" என்று ஈரலையும் நாக்கையும் கிழித்துக் கிழித்து அவன் முன்னால் போட்டார். அவன் தின்ன, அவர் போட, அவன் தின்ன, அவர் போட. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முன்னாலும் கறி இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன், உள்ளே போகவில்லை.

முதலில் நாய்கள் குரைத்தன. பிறகு உம்மு ஃபலாஹ் தலையைத் தூக்கினாள். நானும் கேட்டேன். பெரிய லாரி ஒன்று ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வருவதுபோல ஒரு சத்தம், ஆனால் அந்தப் பக்கம் சாலையே இல்லை.

"ஆறு!" என்று யாரோ கத்தினார்கள்.

எல்லோரும் எழுந்து ஓடினோம். கையில் சோறு ஒட்டியபடி ஓடினார்கள். அபூ ஃபலாஹ் பிக்கப்புக்குப் பாய்ந்து, கிளப்பி, தடத்தின் வாய்வரை போய், முன்சக்கரம் தண்ணீரில் படும்போது நிறுத்தினார். அதற்கு மேல் வழி இல்லை. இடுக்கின் வாயிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் சுவராக வந்துகொண்டிருந்தது. மரம் வந்தது, முள் வந்தது, செத்த ஆடு ஒன்று வந்தது. வானத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு எங்கள் ஜீப் வந்தது. முதலில் சக்கரங்கள் மேலே தெரிந்தன. உருண்டு, நிமிர்ந்து, ஒரு நொடி நேராக எங்களைப் பார்த்து வந்தது, யாரோ ஓட்டி வருவதுபோல. வேறு நிறக் கதவு திறந்து அடித்துக்கொண்டது. கரைப் பாறையில் மோதியபோது எழுந்த சத்தம் என் பல்லில் கேட்டது. அப்புறம் முழுகியது. சமவெளியில் தண்ணீர் விரிந்த இடத்தில் ஒரு முறை கூரை தெரிந்ததாக அபூ ஃபலாஹின் இளைய மகன் சொன்னான். நான் பார்க்கவில்லை. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், எதையும் மறைக்காமல் அழுதேன். வண்டி நிற்கும் இடத்துக்குத் தண்ணீர் வருமென்று காலையிலேயே தெரிந்திருந்தும், சங்கிலியைத் தொட்டுப் பார்த்திருந்தும், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்றுதான் அழுதேன்.

அபூ ஃபலாஹ் கரையிலேயே நின்று முத்லக்கைப் பார்த்தார்.

"நான் கேட்டேனே தம்பி. கேட்டேனே. இல்லன்னு சொன்னியே."

முத்லக்கின் மோவாயில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட வேண்டும்போலவும் இருந்தது, கன்னத்தில் அறைய வேண்டும்போலவும் இருந்தது.

மறுபடியும் கூடாரத்துக்கு வந்தோம். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அபூ ஃபலாஹ் இடுப்பிலிருந்து பிக்கப் சாவியை எடுத்து முத்லக்கின் முழங்காலுக்கு முன்னால் பாயில் வைத்தார்.

"இது உன்னோடது. என் வீட்டு வாசல்ல, என் சோத்தைத் தின்னுக்கிட்டு இருக்கறப்ப உன் வண்டி போச்சு. அது என் பொறுப்பு. மறுபேச்சுப் பேசாத."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் வந்தது. ஜீப்பைவிட நல்ல வண்டி அது. எடுத்துக்கொள், எடுத்துக்கொள் என்று மனம் கூவியது. பக்கத்தில் உம்மு ஃபலாஹ் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிக்கப்பில்தான் அவர்கள் ஆட்டுக்குத் தண்ணீர் கொண்டு வருகிறார்கள், அதில்தான் அவள் முழங்கால் வைத்தியத்துக்குப் போகிறாள். புருஷன் வைத்துவிட்டான், அவள் என்ன பேசுவாள்? இரண்டு பேரும் அவரவர் ஓட்டையில் கண்ணை வைத்தோம்.

அபூ ஃபலாஹ் காப்பியை ஊற்றி நீட்டினார். முத்லக் வாங்கினான். குடிக்கவில்லை. கோப்பையைத் தன் முன்னால், மணலில் வைத்தான்.

விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால் அவனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று பொருள். கொலைப் பழியை மன்னிக்கக் கேட்க, பெண் கேட்க, அப்படிப்பட்ட காரியத்துக்குத்தான் வைப்பார்கள். நிறைவேற்றுகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை அவன் குடிக்க மாட்டான். சொல்லாமல் காப்பி ஆறிப்போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை.

"குடி தம்பி," என்றார் அபூ ஃபலாஹ். "நீ என்ன கேட்டாலும் குடுத்தாச்சு. குடி."

"எல்லாரும் கேட்டீங்களா?" என்றான் முத்லக்.

"கேட்டோம்."

"அப்ப இந்தச் சாவிய எடுத்துக்குங்க. என் வண்டி உங்களால போச்சுன்னு நீங்களும் சொல்லக் கூடாது, உங்க பிள்ளைங்களும் சொல்லக் கூடாது, எங்க ஆளுங்களும் சொல்லக் கூடாது. ஆத்துல போச்சு. அவ்வளவுதான் என் வேண்டுதல்."

கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. அபூ ஃபலாஹ் முகத்தைத் தலைத்துணியால் மூடிக்கொண்டு அழுதார். மற்ற ஆண்கள் எழுந்து வந்து என் கணவனின் தோளில் முத்தமிட்டார்கள். உம்மு ஃபலாஹின் கை தளர்ந்தது. அவள் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வந்தது, நான் கேட்டேன். நான் கேட்டதை அவளும் பார்த்துவிட்டாள். வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை எப்படித் திட்டுவது? நானாக இருந்தாலும் அந்த மூச்சைத்தான் விட்டிருப்பேன்.

அந்தப் பிக்கப்பிலேயே எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மிச்சக் கறியைத் துணியில் கட்டிக் கொடுத்தார்கள். மூத்த மகன் ஃபலாஹ் ஓட்டினான், நாங்கள் இருவரும் பின்னால், சங்கிலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் கேட்டுவிட்டேன்.

"உனக்குக் கோப்பையக் கீழ வைக்கத் தெரியும்ல?"

"தெரியும்."

"காலையில வந்த உடனே வெச்சிருக்கலாமே. சங்கிலி வேணும்னு."

அவன் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தான்.

"ஒரு சங்கிலிக்காகவா, வத்ஹா? ஒரு சங்கிலிக்காகவா கோப்பையக் கீழ வைப்பாங்க?"

என் அப்பாவும் வைத்திருக்க மாட்டார். என் அண்ணன்களும் வைத்திருக்க மாட்டார்கள். யாரும் வைக்க மாட்டார்கள்.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காலை இழந்த சித்தப்பா மகனும் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, "உன்னால நம்ம பேரு மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயிருக்கு அண்ணே," என்று கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். கிழவர்கள் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். முத்லக் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் உள்ளே காப்பி வறுத்து, இடித்து, கொதிக்க வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு அந்தக் கட்டிக் கொடுத்த கறிதான் அவர்கள் முன்னால் போனது. மாவு பானையின் அடிக்கு வந்துவிட்டது. பழைய முதலாளியும் வந்திருந்தார். எல்லோரையும்விடச் சத்தமாகப் புகழ்ந்தது அவர்தான்.

அடுத்த சுற்றுக் காப்பிக்காக முத்லக் உள்ளே வந்தான். அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். வெளியே அவன் பேரைச் சொல்லிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை பேரு வந்தாங்க," என்றான் மெதுவாக. "இனிமே என்ன பண்ணுவேன்னு ஒருத்தர்கூட கேக்கல வத்ஹா."

"நீ சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்து காப்பிக் கெண்டியை வாங்கி, சிரித்த முகத்தோடு அவர்களிடம் போனான்.